சரக்கு களவு போனது எப்போது? நெல்லைச் சீமை வியாபாரிகளுக்கு ஒரு வழிகாட்டி

"அண்ணாச்சி, சீல் அப்படியே இருக்கு பாருங்க. ஒரு கையெழுத்தைப் போட்டுத் தந்தீங்கன்னா நான் அடுத்த லோடுக்குக் கிளம்பிருவேன்."

பாளையங்கோட்டையில் ஒரு மின்சாமான் மொத்தக் கடையில் நான் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த காலம். தீபாவளிக்கு இரண்டு நாள்தான் இருந்தது. மும்பையிலிருந்து வந்த கன்டெய்னர் லாரி விடியற்காலையிலேயே கிட்டங்கி (கோடவுன்) வாசலில் நின்றது. டிரைவர் கேட்டதும் ரசீதில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். லோடுமேன்கள் அவசர அவசரமாகப் பெட்டிகளை இறக்கி அடுக்கினார்கள், யாரும் எண்ணவில்லை. பண்டிகையெல்லாம் முடிந்து பதினொரு நாள் கழித்து எண்ணும்போது செப்புக் கம்பிச் சுருள் பெட்டிகளில் 14 குறைந்தது.

சரக்குக்குக் காப்பீட்டுப் பாலிசி இருந்தது, பிரீமியமும் கட்டியிருந்தோம். நஷ்டத்தை மதிப்பிடும் சர்வேயர் வந்து எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்துவிட்டுக் கேட்டது ஒரே கேள்வி: "இது எப்போ போச்சு?" வழியில் போனதா, இறக்கும்போது போனதா, எங்கள் பூட்டுக்குள் இருந்த அந்தப் பதினொரு நாளில் போனதா? என்னிடம் பதில் இல்லை. பணம் வரவில்லை. முதலாளி என்னை ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. இன்றுவரை என்னை உறுத்துவது அதுதான்.

பிறகு தூத்துக்குடிக்கு வந்து கிளெய்ம் காகிதங்கள் தயாரிப்பதையே தொழிலாக வைத்துக்கொண்டேன். புதிதாக ஏற்றுமதி இறக்குமதியில் கால் வைப்பவர்கள், அப்பா கடையை ஏற்று நடத்தும் பிள்ளைகள், லாரியில் வெளிமாநிலத்துக்குச் சரக்கு அனுப்பும் சின்ன ஆலைக்காரர்கள் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன்.

நேரத்தை ஏன் கேட்கிறார்கள்

சரக்குக்கு எடுக்கும் மரைன் (கடல்சார்) பாலிசி கப்பலுக்கு மட்டும் உரியதல்ல. இந்தியாவின் 1963ஆம் ஆண்டுக் கடல்சார் காப்பீட்டுச் சட்டம், கடல் பயணத்தோடு ஒட்டிய தரைவழி ஆபத்தையும் பாலிசியில் சேர்க்க இடம் தருகிறது. லாரியில் மட்டும் போகும் சரக்குக்கும் நம் ஊர்க் கம்பெனிகள் தருவது மரைன் வகைப் பாலிசிதான். ஆகவே சங்கரன்கோவிலிலிருந்து தில்லிக்குப் போகும் லோடுக்கும் கீழே சொல்வதெல்லாம் பொருந்தும்.

பாலிசி ஒரு வேலி மாதிரி. இடத்துக்கு எல்லை போடுவதைப் போலவே நேரத்துக்கும் எல்லை போடும். கப்பல் சரக்குக்கு உலகம் முழுக்கப் பயன்படும் இன்ஸ்டிட்யூட் கார்கோ கிளாசஸ் என்ற ஷரத்துத் தொகுப்பு ஏ, பி, சி என்று மூன்று வகை. ஏ வகையில் களவு அடங்கும். பி, சி எடுத்தவர்கள் களவுக்கான ஷரத்தைத் தனியாகக் கேட்டுச் சேர்த்திருக்க வேண்டும். முதலில் உங்கள் பாலிசியில் எந்த எழுத்து என்று பாருங்கள். அடுத்து எந்த ஆண்டுப் பதிப்பு என்று பாருங்கள். 1982 பதிப்பில் அனுப்புபவரின் கிட்டங்கியை விட்டுச் சரக்கு கிளம்பும்போதுதான் பாதுகாப்பு தொடங்கும். 2009 பதிப்பில் உடனே ஏற்றி அனுப்புவதற்காகக் கிட்டங்கிக்குள் சரக்கை முதலில் நகர்த்தும்போதே தொடங்கிவிடும். ஏற்றும்போது நடக்கும் களவில் இந்தச் சின்ன வித்தியாசம் முழுப் பணத்தையும் தீர்மானிக்கும்.

முடியும் இடம் இன்னும் முக்கியம். சேருமிடக் கிட்டங்கியில் வண்டியிலிருந்து இறக்கி முடித்ததும் பாதுகாப்பு முடிகிறது என்கிறது 2009 பதிப்பு. கடைசித் துறைமுகத்தில் கப்பலிலிருந்து இறக்கி 60 நாள் கடந்தாலும் முடிந்துவிடும். இவற்றில் எது முந்துகிறதோ அதுதான் கணக்கு. இறக்குமதிக்காரர்கள் சறுக்குவது பெரும்பாலும் இங்கேதான். பணம் புரட்டத் தாமதமாகிறது, கன்டெய்னர் சி.எஃப்.எஸ்ஸிலேயே (துறைமுகத்தை ஒட்டிய சரக்குப் பெட்டக நிலையம்) கிடக்கட்டும் என்று விடுகிறார்கள். பயணத்தின் இயல்பான போக்கில் இல்லாமல், கன்டெய்னரையே கிட்டங்கியாக வைத்துக்கொள்வது என்று நீங்களாக முடிவெடுத்தால் 60 நாள்கூடக் காத்திராமல் பாதுகாப்பு அறுந்துபோகும். உள்நாட்டு லாரிப் பாலிசியில் வழக்கமாக வரும் ஷரத்து வேறு: சேருமிட ஊருக்கு வண்டி வந்து 7 நாள், அல்லது கிட்டங்கியில் ஒப்படைப்பது, இவற்றில் முந்தியது.

நேரத்தை வைத்துத் தீரும் கேள்வி இன்னொன்றும் உண்டு. நஷ்டம் நேர்ந்த நேரத்தில் சரக்கு யாருடையது? சட்டப்படி நஷ்டம் நேரும்போது உங்களுக்கு அந்தச் சரக்கில் உரிமை சார்ந்த நலன் இருக்க வேண்டும். எஃப்.ஓ.பி விலையில் விற்றால், கப்பலில் ஏறும் வரை ஆபத்து விற்பவர் தலையில், ஏறிய பிறகு வாங்குபவர் தலையில். வாங்குபவர் ஜெர்மனியில் பாலிசி எடுத்திருக்கிறார் என்று நம்பி, ஆலையிலிருந்து துறைமுகம் வரைக்கான பாலிசி எடுக்காமல் விடும் ஏற்றுமதிக்காரர்கள் நம் பக்கம் நிறைய உண்டு. துறைமுகத்துக்குப் போகும் வழியில் வாகைக்குளம் டோலுக்கு முன்னால் களவு போனால் அந்த ஜெர்மன் பாலிசி அவர்களுக்கு உதவாது. எஃப்.ஓ.பி வியாபாரம் செய்கிறவர்கள் இன்றைக்கே போய் அந்தச் சின்ன உள்நாட்டுப் பாலிசியை எடுங்கள்.

இரண்டு முளை

திருடன் யார், சரியாக எத்தனை மணிக்கு எடுத்தான் என்றெல்லாம் நீங்கள் காட்ட வேண்டியதில்லை. 1921இல், அன்றைக்கு அந்நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த இங்கிலாந்துப் பிரபுக்கள் சபை, படகோனியாவிலிருந்து வந்து நனைந்துபோன கம்பளி மூட்டைகள் பற்றிய வழக்கில் இதைத் தெளிவாகச் சொன்னது. எல்லா ஆபத்துக்கும் பாலிசி எடுத்தவர், ஏதோ ஒரு விபத்தால் நஷ்டம் பாலிசிக் காலத்துக்குள் நேர்ந்தது என்று காட்டினால் போதும், எப்படி நேர்ந்தது என்று துல்லியமாகக் காட்டத் தேவையில்லை. நமது 1963 சட்டம் இங்கிலாந்தின் 1906 சட்டத்தை ஒட்டி எழுதப்பட்டது, அதனால் அந்தத் தீர்ப்பை நம் ஊர் வக்கீல்களும் எடுத்துக்காட்டுவார்கள்.

நான் எல்லாரிடமும் சொல்வது இது. காலக் கோட்டில் இரண்டு முளை அடியுங்கள். ஒன்று, சரக்கு முழுசாக இருந்ததைக் கடைசியாக உறுதி செய்த நேரம். மற்றது, குறை முதன்முதலில் தெரிந்த நேரம். களவு நடந்தது இந்த இரண்டுக்கும் நடுவில். அந்த இடைவெளி முழுவதும் பாலிசி வேலிக்குள் விழுந்தால் நீங்கள் பிழைத்தீர்கள். ஒரு பகுதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால், உள்ளே இருக்கும் பகுதியில்தான் நடந்திருக்க அதிக வாய்ப்பு என்று காட்ட வேண்டும். என் பதினொரு நாள் கதையில் நடந்ததும் அதுதான். முதல் முளை மும்பையில், இரண்டாவது பண்டிகைக்கு அப்புறம். நடுவில் பாலிசி முடிந்துபோயிருந்தது.

இனி செய்ய வேண்டியதெல்லாம் முதல் முளையை வலதுபக்கம் தள்ளுவதும், இரண்டாவதை இடதுபக்கம் இழுப்பதும்தான்.

சரக்கு கிளம்பும் முன்

1980இல் முடிந்த ஓர் ஆங்கில வழக்கில், வாசனை எண்ணெய் வாங்கியவர்களுக்கு வந்து சேர்ந்த பீப்பாய்களில் தண்ணீர்தான் இருந்தது, மேலே எண்ணெய்ப் படலம் மட்டும். களவு என்று கிளெய்ம் கேட்டார்கள், தோற்றார்கள். பாலிசி தொடங்கிய நேரத்தில் பீப்பாய்க்குள் எண்ணெய் இருந்ததற்கே ஆதாரம் இல்லை. இல்லாத பொருளை யாரும் களவாட முடியாது அல்லவா? ஆகவே முதல் முளை என்பது "சரக்கு உள்ளே போனது" என்பதற்கான சாட்சி. இன்வாய்ஸும் பேக்கிங் லிஸ்ட்டும் நீங்களே அடித்த காகிதம். கப்பல் கம்பெனி தரும் சரக்கு ரசீதான பில் ஆஃப் லேடிங்கிலோ, முழுக் கன்டெய்னர் என்றால், அனுப்பியவர் எண்ணிக்கைப்படி என்றே இருக்கும். அவற்றை மட்டும் நம்பாதீர்கள்.

செங்கோட்டைப் பக்கத்து முந்திரிப் பருப்பு ஆலை ஒன்றை உதாரணமாக வைத்துக்கொள்வோம். ஒரு அட்டைப்பெட்டியில் 22.68 கிலோ பருப்பு. 20 அடி கன்டெய்னருக்கு 700 பெட்டி, அதாவது 15,876 கிலோ நிகர எடை. ஏற்றும்போது ஒவ்வொரு வரிசை முடிந்ததும் ஒரு போட்டோ. பெட்டி எண் தெரியணும், கன்டெய்னர் எண் தெரியணும், போனில் தேதி நேரம் சரியாக இருக்கணும். கடைசியில் கதவு பாதி மூடியது ஒன்று, முழுதும் மூடி சீல் போட்டது ஒன்று, சீல் எண் படிக்கும்படி கிட்டத்தில் ஒன்று. எண்ணிச் சொன்ன ஆளும், சரி பார்த்த ஆளும் ஏற்றுப் பட்டியலில் நேரம் போட்டுக் கையெழுத்திடட்டும். இதற்கு ஆகும் நேரம் இருபது நிமிஷம்.

எடை பெரிய சாட்சி. 2016 ஜூலை 1 முதல், சரிபார்த்த மொத்த எடை தெரிவிக்காத கன்டெய்னரைக் கப்பலில் ஏற்ற முடியாது. எப்படியும் எடை போடத்தான் போகிறீர்கள், அதைக் கடமைக்குப் போடாமல் நேரம் அச்சான சீட்டாக வாங்கி வையுங்கள். 40 பெட்டி போனால் 907 கிலோ குறையும், எந்த எடைமேடையிலும் அது தெரியும். இரண்டு எடைச் சீட்டை ஒப்பிடும்போது டீசலையும் கணக்கில் எடுங்கள். 100 லிட்டர் ஏறக்குறைய 83 கிலோ. டிரைவரும் கிளீனரும் வண்டியில் இருந்தார்களா இறங்கியிருந்தார்களா என்பதையும் சீட்டின் பின்னால் எழுதி வைத்தால் பிறகு யாரும் அதைப் பிடித்துக்கொண்டு வாதாட முடியாது. இலை, பருப்பு, மிளகாய் வற்றல் போன்ற சரக்குகள் ஈரத்தால் எடை கூடிக் குறையும். இயல்பான எடைக் குறைவு பாலிசியில் கிடையாது. அங்கே எடையைவிட எண்ணிக்கையே பேசும்.

ஓபன் பாலிசி (பல லோடுகளுக்கும் சேர்த்து ஒரு மொத்தத் தொகைக்கு எடுப்பது) வைத்திருப்பவர்களுக்கு ஒரு சொல். சரக்கு கிளம்பியதும் அந்த லோடின் விவரத்தைச் சொல்லும் டிக்ளரேஷன் அனுப்புங்கள். களவு தெரிந்த பிறகு அனுப்பும் டிக்ளரேஷனை யாராக இருந்தாலும் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள். அன்றைய தேதியில் பாலிசியில் மிச்சத் தொகை இருந்ததா என்பதையும் பாருங்கள். 1938 காப்பீட்டுச் சட்டத்தின் 64வி.பி பிரிவுப்படி பிரீமியம் முன்கூட்டி வராமல் பாதுகாப்பு தொடங்காது.

வழியில் விழும் தடங்கள்

இப்போதெல்லாம் வண்டி போகும் வழியெல்லாம் நேரம் பதிவாகிக்கொண்டே போகிறது. 2021 பிப்ரவரியிலிருந்து பாஸ்டேக் கட்டாயம். கன்னியாகுமரிப் பக்கமிருந்து வந்தால் நாங்குநேரி, மதுரைப் பக்கமிருந்து வந்தால் கயத்தாறை ஒட்டிய சாலைப்புதூர், திருநெல்வேலியிலிருந்து துறைமுகத்துக்குப் போனால் வாகைக்குளம். ஒவ்வொரு டோலிலும் வண்டி எத்தனை மணிக்குக் கடந்தது என்பது லாரிக்காரரின் பாஸ்டேக் கணக்கில் இருக்கும். அது அவர் கணக்கு, உங்களுக்குத் தானாக வராது. களவு தெரிந்த அன்றே எழுத்தில் கேளுங்கள். புக்கிங் செய்யும்போதே "கேட்டால் பாஸ்டேக், ஜி.பி.எஸ் விவரம் தரப்படும்" என்று ஒரு வரி எழுதி வாங்குவது இன்னும் நல்லது.

ஏற்றுமதிக் கன்டெய்னருக்கு ஆலையிலேயே சீல் வைக்கும் முறையில், 2017 முதல் ஆர்.எஃப்.ஐ.டி (ரேடியோ அலையில் படிக்கும்) மின்னணு சீல் வந்துவிட்டது. துறைமுகத்தில் சுங்கத்துறை அதைப் படிக்கும்போது சீல் சேதப்பட்டதா இல்லையா என்பது நேரத்தோடு பதிவாகும். கையிலிருந்து கை மாறும் ஒவ்வொரு இடமும் இப்படித்தான்: ஆலை வாசல், எடைமேடை, துறைமுக வாசல், சி.எஃப்.எஸ், கப்பல். மாறும் ஒவ்வொரு இடத்திலும் சீட்டு எழுதுகிறார்கள். அதில் "சீல் சரி" என்று எழுதியிருந்தால் முதல் முளை அங்கே நகர்கிறது. வேறு சீல் எண் எழுதியிருந்தால் இரண்டாவது முளை அங்கே நகர்கிறது.

ஜி.எஸ்.டிக்காக எடுக்கும் இ-வே பில்லை மட்டும் பெரிதாக நம்ப வேண்டாம். வண்டி எண்ணும் செல்லுபடியாகும் நாளும் அதில் இருக்கும். வண்டி உண்மையில் எப்போது எங்கே நின்றது என்று அது சொல்லாது.

பெட்ரோல் பங்க், எடைமேடை, டோல் பக்கத்து டீக்கடை இவற்றின் கேமராப் பதிவு சில நாளிலோ சில வாரத்திலோ அழிந்து மேலே புதிது ஏறிவிடும். கடிதம் எழுதிக்கொண்டிருக்காமல் நேரில் போய்க் கேளுங்கள். பதிவை எடுத்தால் அதோடு சான்றிதழும் வேண்டும். 2024 ஜூலை 1இல் நடைமுறைக்கு வந்த புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63ஆம் பிரிவு, மின்னணுப் பதிவின் நகலைச் சாட்சியமாக ஏற்க ஒரு சான்றிதழ் கேட்கிறது, கோப்பின் ஹாஷ் மதிப்போடு (கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்டும் அடையாளக் குறியீடு). அந்தச் சான்றிதழ் கட்டாயம் என்று பழைய சட்டத்தின் கீழேயே 2020இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வாட்ஸ்அப்பில் சுற்றும் வீடியோவைச் சர்வேயர் பார்ப்பார், நீதிமன்றத்துக்கு அது போதாது.

கதவைத் திறக்கும் முன்

இங்கே கொஞ்சம் நிதானமாக இருப்போம். பணம் பெரும்பாலும் நிலைப்பதும் போவதும் இந்தப் பத்து நிமிஷத்தில்தான்.

சீல் முழுசாக இருக்கிறது என்பதால் கதவு திறக்கப்படவில்லை என்று ஆகாது. கன்டெய்னர் கதவின் கைப்பிடியைப் பாருங்கள். அது பூட்டுக் கம்பியோடு ஒரு ரிவெட்டால் இணைந்திருக்கும். சீல் மாட்டியிருப்பது கைப்பிடியின் நுனியில். களவாணி சீலைத் தொடவே மாட்டான். ரிவெட்டின் தலையைத் துளைத்துத் தட்டி எடுப்பான், கைப்பிடி சீலோடு சேர்ந்து தனியே கழன்று வரும், கம்பியைத் திருப்பிக் கதவைத் திறப்பான். வேலை முடிந்ததும் அந்தத் துளையில் ஒரு போல்ட்டைச் செருகி, அதே நிறத்தில் பெயின்ட்டைத் தடவிவிடுவான். அடுத்த கதவின் ரிவெட்டோடு ஒப்பிட்டால் பிடிபடும். ஒன்றின் தலை உருண்டு துருவேறி இருக்கும், மற்றது பளிச்சென்று இருக்கும். நகத்தால் சுரண்டினால் பெயின்ட் உரியும். பின்பக்கம் விரலை விட்டால் நட் தட்டுப்படும். கீல்களையும் இதேபோலப் பாருங்கள்.

அதனால் சீலை வெட்டுவதற்கு முன் நான்கு பக்கமும் போட்டோ எடுங்கள். பிறகு வெட்டுங்கள், வெட்டிய சீலை எறியாமல் எண்ணோடு ஒரு கவரில் போட்டு வையுங்கள். கதவைத் திறந்ததும் ஒரு பெட்டியும் இறக்காமல் உள்ளே ஒரு போட்டோ. களவாணிகள் முன்வரிசையை அப்படியே விட்டு நடுவில் எடுப்பார்கள், அதனால் இறக்க இறக்கவும் எடுங்கள். குறை தெரிந்த நிமிஷத்தில் இறக்குவதை நிறுத்துங்கள். இரண்டாவது முளை அங்கே அடிக்கப்பட்டாயிற்று. வண்டி வாசலில் நிற்கும்போதே, பாலிசி இன்னும் உயிரோடு இருக்கும்போதே.

டிரைவர் கையெழுத்துக் கேட்பார். அவருக்கு அவர் அவசரம், அவரைத் திட்ட வேண்டாம். ரசீதில் "பெற்றுக்கொண்டேன்" என்று மட்டும் எழுதாமல், "இத்தனை பெட்டி குறைவு, கைப்பிடி ரிவெட் மாற்றப்பட்டுள்ளது, இன்ன நேரம்" என்று எழுதிக் கையெழுத்திடுங்கள், அவரிடமும் வாங்குங்கள். அவர் போட மறுத்தால், மறுத்தார் என்று எழுதுங்கள். உடனே எண்ண முடியாத சரக்கு என்றால் "எண்ணிப் பார்க்கவில்லை, எண்ணிக்கைக்கு உட்பட்டது" என்றாவது ஒரு வரி. குறிப்பு ஏதும் இல்லாத சுத்தமான ரசீது என்பது, வழியில் எதுவும் நடக்கவில்லை என்று நீங்களே உங்களுக்கு எதிராக எழுதிக் கொடுப்பது.

போலீசும் கடிதங்களும்

காப்பீட்டுக் கம்பெனிக்கு அன்றே சொல்லி சர்வேயரைக் கேளுங்கள். வெளிநாட்டில் தெரிந்தால் பாலிசியிலேயே அந்த ஊர் சர்வே ஏஜென்ட் பெயர் இருக்கும், வாங்கியவர் அவரைத்தான் கூப்பிட வேண்டும்.

காவல் நிலையத்தில் பலர் செய்யும் தவறு, ஊகத்தை நேரமாக எழுதுவது. "நேற்று இரவு 2 மணிக்குக் களவு போனது" என்று எழுதிவிடுவார்கள். பிறகு பாஸ்டேக் வேறு கதை சொல்லும், எழுதியவர் பொய் சொன்னவர் ஆகிவிடுவார். எஃப்.ஐ.ஆர் படிவத்தில் குற்றம் நடந்த நாளுக்கு "முதல் – வரை" என்று இடமிருக்கிறது. அது உங்கள் இரண்டு முளைகளுக்கான இடம். இத்தனாம் தேதி இத்தனை மணிக்கு எண்ணி சீல் வைத்தோம், இத்தனாம் தேதி இத்தனை மணிக்குத் திறந்தபோது குறை தெரிந்தது என்று மட்டும் புகாரில் எழுதுங்கள். எந்த எல்லையில் நடந்தது என்று தெரியாவிட்டாலும் புகாரை வாங்க வேண்டும், புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சம்ஹிதையின் 173ஆம் பிரிவு அதைச் சொல்கிறது. முதலில் சி.எஸ்.ஆர் ரசீது (புகாரைப் பெற்றதற்கான ரசீது) மட்டும் தந்தால் அதையும் பத்திரப்படுத்திக்கொண்டு, எஃப்.ஐ.ஆர் போடும் வரை விடாதீர்கள்.

அடுத்தது சரக்கு ஏற்றிச் சென்றவருக்கு நோட்டீஸ். 2007 சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டத்தின் 16ஆம் பிரிவுப்படி, புக்கிங் செய்த நாளிலிருந்து 180 நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ் கொடுக்காமல் லாரிக் கம்பெனி மீது வழக்குப் போட முடியாது. களவு தெரிந்த நாளிலிருந்து எண்ணிவிடாதீர்கள், எண்ண வேண்டியது புக்கிங் நாளிலிருந்து. கப்பல் கம்பெனிக்கு, வெளியே தெரியாத குறை என்றால் ஒப்படைத்த 3 நாளுக்குள் எழுத்தில் சொல்ல வேண்டும், வழக்கு ஒரு வருடத்துக்குள். இந்த உரிமைகளைக் காப்பது உங்கள் கடமை என்று கார்கோ கிளாசஸிலேயே இருக்கிறது. காப்பீட்டுக் கம்பெனி உங்களுக்குப் பணம் கொடுத்துவிட்டு லாரிக்காரரிடம் போய் வசூலிக்கும், அந்த வழியை நீங்கள் அடைத்துவிட்டால் உங்கள் பணமும் சிக்கலாகும். எங்கே நடந்தது என்று தெரியாத நிலையில் லாரி, சி.எஃப்.எஸ், கப்பல் மூன்று பேருக்கும் அனுப்புங்கள். ஒரு தபால் செலவுதான்.

மண்ணும் சாட்சி சொல்லும்

களவாணி புத்திசாலியாக இருந்தால் எடைச் சாட்சியை ஏமாற்ற முயல்வான். எடுத்த இடத்தில் வேறு ஏதாவது வைப்பான். அங்கே, வைத்த பொருளே காட்டிக்கொடுக்கும்.

1856இல் பிரஷ்ய ரயில்பாதை ஒன்றில் வெள்ளி நாணயம் நிரப்பி அனுப்பிய பீப்பாய், சேருமிடத்தில் மணலோடு வந்தது. பெர்லின் பேராசிரியர் எரன்பெர்க் வழியிலுள்ள நிலையங்களின் மணலையெல்லாம் வரவழைத்து, பீப்பாயிலிருந்த மணலோடு நுண்ணோக்கியில் ஒப்பிட்டு, எந்த நிலையத்து மணல் என்று கண்டுபிடித்தார். இடம் தெரிந்தால் நேரம் தெரிந்துவிடும்.

எனக்கு இந்தச் செய்தி தெரிந்தது பிற்பாடு. அதற்கு முன்பே எங்களிடம் ஒரு கன்டெய்னர் கிளெய்ம் வந்திருந்தது. செங்கோட்டைப் பக்கத்திலிருந்து சி.ஐ.எஃப் விலையில் (கப்பல் வாடகையும் காப்பீடும் விற்பவர் பொறுப்பு) விற்ற முந்திரி. நெதர்லாந்தில் திறந்தபோது பின்வரிசைகளில் 40 பெட்டி இல்லை, அந்த இடத்தில் சாக்கு மூட்டைகள். எடை கிட்டத்தட்ட சரியாகவே இருந்தது. முதலில் வந்த கேள்வி, "நீங்கள் ஏற்றவே இல்லையோ?" வரிசை வரிசையாக எடுத்த போட்டோவும் கையெழுத்துப் போட்ட ஏற்றுப் பட்டியலும் அதற்குப் பதில் சொன்னது. ஆனால் முளைகளுக்கு நடுவில் ஒரு மாதத்துக்கு மேல் கிடந்தது. செங்கோட்டையிலா, துறைமுகத்திலா, கடலிலா, அங்கேயா?

அங்கிருந்து வந்த போட்டோவில் ஒரு சாக்கு கிழிந்து மண் கொட்டியிருந்தது. செக்கச் சிவந்த மணல். சாத்தான்குளம், திசையன்விளைப் பக்கம் பிறந்த யாருக்கும் அதைப் பார்த்ததும் வேறு எதுவும் தோன்றாது. தேரி மணல். இரும்பு ஆக்சைடு பூசிய அந்த நிறம் ராட்டர்டாம் துறைமுக வட்டாரத்தில் கிடைக்கும் மண்ணுக்கு இல்லை. அங்குள்ள சர்வேயரிடம் சொல்லி மண்ணைப் பொட்டலம் கட்டி, சீல் வைத்து, யார் கையிலிருந்து யார் கைக்கு என்று எழுதி வாங்கினோம். இங்கே பாஸ்டேக்கைப் பார்த்தால், ஆலையில் இரவு 9.40க்கு எடை போட்ட வண்டி வாகைக்குளத்தைக் கடந்தது அதிகாலை 4.10க்கு. நின்று நிதானமாகப் போனாலும் நள்ளிரவு ஒரு மணிக்குள் கடக்க வேண்டிய தூரம். ஒரு மாத இடைவெளி ஒரே இரவாகச் சுருங்கிவிட்டது. அந்த இரவு முழுவதும் பாலிசிக்குள். லாரிக் கம்பெனிக்குப் புக்கிங்கிலிருந்து 52ஆம் நாள் நோட்டீஸ் போயிருந்தது. கிளெய்ம் கிடைத்தது.

ஆகவே மாற்றி வைத்த செங்கல், மணல், உப்பு, பழைய பேப்பர் எதையும் அருவருத்து வெளியே கொட்டிவிடாதீர்கள். பேப்பர் என்றால் எந்த மொழி, எந்தத் தேதி என்று பாருங்கள். சாக்கு என்றால் அதில் அச்சடித்திருக்கும் அரிசி ஆலை எந்த ஊர் என்று பாருங்கள்.

காலப் பட்டியல் தயாரிப்பது

எல்லாம் கைக்கு வந்ததும் ஒரே தாளில் வரிசையாக எழுதுங்கள். தேதி, நேரம், இடம், சரக்கு யார் கையில், சீல் எண், எடை, இதற்கு ஆதாரம் எந்தக் காகிதம். வெளிநாட்டு நேரத்தை இந்திய நேரத்துக்கு மாற்றி, இரண்டையும் எழுதுங்கள். ஆதாரம் இல்லாத வரிக்கு "டிரைவர் சொன்னது" என்று நேர்மையாகப் போடுங்கள். பட்டியலில் பாலிசி தொடங்கிய இடத்திலும் முடிந்த இடத்திலும் சிவப்பு மையால் கோடு போடுங்கள். பார்க்கிறவர் கண்ணுக்கு இரண்டு முளையும் அந்தக் கோடுகளுக்குள் இருப்பது ஒரு நொடியில் தெரிய வேண்டும்.

கதை கட்ட வேண்டாம். போப்பி எம் என்ற கப்பல் 1976இல் அமைதியான மத்தியதரைக் கடலில் மூழ்கியது. கண்ணுக்குத் தெரியாத நீர்மூழ்கிக் கப்பல் மோதியிருக்க வேண்டும் என்றார்கள் உரிமையாளர்கள். வேறு விளக்கம் எதுவும் பொருந்தவில்லை என்பதற்காகக் கீழ்நீதிமன்றம் அதை ஏற்றது. 1985இல் பிரபுக்கள் சபை தள்ளுபடி செய்தது. நடக்கவே வாய்ப்பில்லாத ஒன்றை, மிச்சம் இருப்பது அதுதான் என்பதற்காக ஏற்க வேண்டியதில்லை, நிரூபிக்கவில்லை என்று சொல்லிவிடலாம். நிரூபிக்கும் சுமை கிளெய்ம் கேட்பவருடையது. இடைவெளியில் ஒரு பகுதிக்கு உங்களிடம் ஆதாரம் இல்லை என்றால் அப்படியே சொல்லிவிட்டு, மற்ற பகுதிகளில் நடந்திருக்க முடியாது என்பதற்கான காரணத்தை ஒவ்வொன்றாகக் காட்டுங்கள்: சி.எஃப்.எஸ்ஸில் கன்டெய்னர் கதவோடு கதவு ஒட்டி வைக்கப்பட்டிருந்தது, கப்பலில் மேலே இரண்டு அடுக்கு இருந்தது என்பது போல.

மறுப்புக் கடிதம் வந்தால்

காரணம் என்று எழுதியிருக்கும் வரியை மட்டும் முதலில் படியுங்கள். "நஷ்டம் பாலிசிக் காலத்தில் நேர்ந்ததாக நிறுவப்படவில்லை" என்றிருந்தால் சர்வே அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்கி, சர்வேயர் எந்த வரியை ஏற்கவில்லை என்று உங்கள் காலப் பட்டியலோடு ஒப்பிடுங்கள். ஒரு எடைச் சீட்டோ ஒரு டோல் பதிவோ குறைவதுதான் பெரும்பாலும் காரணமாக இருக்கும். அதை வைத்து மறுபரிசீலனை கேளுங்கள். தாமதமாகச் சொன்னதாகக் காரணம் காட்டினால், வாகனக் களவு வழக்கில் 2020இல் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் சொன்னதை வக்கீலிடம் கேளுங்கள். போலீசுக்கு உடனே சொல்லியிருந்தால், கம்பெனிக்குச் சொல்லத் தாமதமானது ஒன்றை மட்டும் வைத்து உண்மையான கிளெய்மை மறுக்கக் கூடாது என்றார்கள். அது மோட்டார் பாலிசி பற்றியது, அப்படியே பொருந்தும் என்று எண்ணிவிடாதீர்கள், ஆனால் வாதத்துக்கு உதவும்.

வியாபாரி நுகர்வோர் ஆணையத்துக்குப் போக முடியாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். வணிக நிறுவனம் எடுத்த காப்பீட்டுக்கும் அங்கே இடமுண்டு என்று 2023இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அங்கே கெடு இரண்டு வருடம். சிவில் நீதிமன்றம் என்றால், 1963 காலவரையறைச் சட்டப்படி நஷ்டம் நேர்ந்த நாளிலிருந்தோ, கிளெய்மை மறுத்த நாளிலிருந்தோ மூன்று வருடம். மறுப்புக் கடிதம் வந்த கவரைக் கிழித்துப் போட்டுவிடாமல், தபால் முத்திரைத் தேதி தெரியும்படி கடிதத்தோடு சேர்த்துப் பின் குத்தி ஃபைலில் வையுங்கள்.